வெறுங்காலின் விலை

என் தமையனார் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறவன். போன மார்கழியில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுக் கடலூருக்கு வந்திருந்தான். வந்த மறுநாள் விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஓடப் புறப்பட்டவனைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அத்தை பார்த்துவிட்டாள். அத்தைக்குத் தொண்ணூறு வயதாகிறது. கண் மட்டும் இன்னும் கழுகுக் கண்தான்.

"ஏண்டா, கைக்குப் போடுகிற உறையைக் காலில் மாட்டிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டாய்?" என்று கேட்டாள்.

அவன் போட்டிருந்தது ஐந்து விரலுக்கும் தனித்தனியே அறை வைத்துத் தைத்த ஜோடு. அடியில் மெல்லிய ரப்பர்த் தகடு ஒன்று, மெத்தை கிடையாது, குதிகால் உயரம் கிடையாது.

"இதைப் போட்டுக்கொண்டு ஓடினால் வெறுங்காலோடு ஓடுவது போலவே இருக்கும், பாட்டி."

"என்ன விலை?"

"பன்னிரண்டாயிரம்."

அத்தை சற்று நேரம் யோசித்தாள். "வெறுங்காலோடேயே ஓடினால் பன்னிரண்டாயிரமும் மிச்சமாயிற்றேடா!" என்றாள்.

பையன் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். எனக்குத்தான் அன்று பகல் முழுதும் வேறு வேலை ஓடவில்லை. ஓடுகிறவனுக்கு மெத்தை வைத்த ஜோடு நல்லதா, வெறுங்காலைப் போன்ற ஜோடு நல்லதா என்று இன்றைக்குச் சீமைச் சாஸ்திரஞ்ஞர்கள் வாதாடுகிறார்கள். அந்த வழக்கில் சாட்சி சொல்ல நம் தென்னாற்காட்டுக் கால்களுக்கும் உரிமை உண்டு என்று எனக்குத் தோன்றியது.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். மாரத்தான் பந்தயத்தின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். ஆகவே மஞ்சக்குப்பத்தில் புறப்பட்டுத் தில்லைக் கோபுரத்தைப் போய்ப் பார்க்கிறவன் ஒரு மாரத்தானுக்கு மேலேயே கடந்துவிடுகிறான். என் பாட்டனார் மார்கழித் திருவாதிரைக்கு இந்தத் தூரத்தை வருஷந்தோறும் நடந்தே போனவர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக இரண்டு நாள் நடை. காலில் ஒன்றும் கிடையாது. அதைத் தேகப் பயிற்சி என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும்.

பாட்டனார் நடந்தார். அவருக்கு முந்தி இதே சீமையில் ஓடிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். 1690-ல் ஆங்கிலக் கம்பெனியார் மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழுகிற எல்லை வரையில் உள்ள நிலமும் அவர்களுக்கே என்று பேச்சு. 1746-ல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது, சோழமண்டலக் கரையில் கம்பெனியாரின் தலைமை ஸ்தலம் இந்தக் கோட்டைதான். அந்தத் துரைமார்களுடைய காகிதங்களையெல்லாம் சுமந்துகொண்டு ஓடியவர்கள் 'பட்டமார்' என்ற கால்நடைத் தூதர்கள். பிறகு 1786-ல் சென்னையில் பெரிய தபாலாபீஸ் ஏற்பட்டது. தபால் ஓட்டக்காரன் என்ற உத்தியோகம் நிலைபெற்றது. தோளில் தபால் பை, கையில் சலங்கை கட்டிய ஈட்டிக் கம்பு. ஆறேழு மைல் ஓடி அடுத்தவனிடம் பையை மாற்றிக் கொடுத்துவிட்டு, எதிர்ப் பையோடு திரும்பி ஓடி வரவேண்டும். பாம்புக்கும் நரிக்கும் சலங்கைச் சத்தம்தான் எச்சரிக்கை. 1870-களின் பிற்பாதியில் இந்தப் பக்கம் ரயில் வந்த பிறகுதான் பெரிய வழிகளில் அந்தச் சலங்கை ஓய்ந்தது.

அந்த ஓட்டக்காரனுடைய கால் எப்படி ஓடியிருக்கும்? வாசகர்கள் வீட்டு முற்றத்திலேயே பரீட்சை செய்து பார்க்கலாம். வெறுங்காலோடு கெட்டித் தரையில் பத்தடி ஓடிப் பாருங்கள். குதிகால் ஓங்கி விழுந்தால் மண்டை வரையில் அதிரும். அதனால் கால் தானாகவே எட்டைக் குறைத்துக்கொண்டு, முன்பாதத்தை முதலில் ஊன்றும். கெண்டைக்கால் வில்லைப் போல வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மெத்தை வைத்த ஜோட்டைப் போட்டுக்கொண்டால் இந்தக் கவலை இல்லை. குதிகாலை முன்னே நீட்டித் தாராளமாக ஊன்றலாம்.

1970-களில் அமெரிக்காவில் ஆபீஸ் போகிறவர்களெல்லாம் ஓட ஆரம்பித்தபோது இந்த மெத்தை ஜோடுகள் பெருகின. வருஷத்துக்கு வருஷம் குதிகால் தடித்தது. ஓடுகிறவர்களுடைய முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. 2009-ல் கிறிஸ்டோபர் மக்டூகல் என்ற பத்திரிகையாளர், மெக்ஸிகோ மலைகளில் மெல்லிய வார்ச் செருப்போடு நாள்கணக்கில் ஓடுகிற தராஹுமாரா ஜாதியாரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது அமோகமாக விற்றது. மறு வருஷம் ஹார்வர்டு சர்வகலாசாலையின் டானியல் லீபர்மன் என்ற பேராசிரியர் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிறுவயது முதல் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ ஊன்றுகிறார்கள், ஜோடு போட்டவர்கள் குதிகாலை ஊன்றுகிறார்கள், முன்னவர்களுடைய காலில் அந்த முதல் மோதல் குறைவு என்று அளந்து காட்டினார். காயம் குறையும் என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. கடைக்காரர்கள் அதுவரைக்கும் காத்திருப்பார்களா? வெறுங்கால் ஜோடு உலகமெங்கும் பறந்தது.

நம் பக்கத்துச் சாட்சி ஒன்றும் இதற்கு ஆதரவாகவே இருக்கிறது. 1992-ல் மங்களூர் வைத்தியர்கள் இருவர் 2,300 குழந்தைகளின் பாதச் சுவட்டைப் பதித்துப் பார்த்துத் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஜோடு போட்டு வளர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 2.8 பேருக்குத்தான். விரலை மூடுகிற பூட்ஸ் போட்டவர்களுக்கு மிக அதிகம், செருப்புப் போட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு. அதாவது, பாதத்தின் வளைவு குழந்தைப் பருவத்தில் மண்ணோடு பழகிப் பழகி உருவாகிறது போலும்.

இதையெல்லாம் என் தமையனார் மகன் மனப்பாடமாகச் சொல்லுவான். "பார்த்தீர்களா சித்தப்பா! நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் ஜோட்டைப் போட்டுக் காலைக் கெடுத்துக்கொண்டோம்" என்று அவன் அன்று மாலை பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, என் பால்ய சிநேகிதர் ஒருவர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் பாலிஷ் போட்ட பூட்ஸோடுதான் போவார். பையனுடைய ஐந்து விரல் ஜோட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நன்றாயிருக்கிறது, தம்பி. ஆனால் உன் முன்னோரும் என் முன்னோரும் ஒரே காரணத்துக்காக வெறுங்காலோடு நடக்கவில்லை" என்றார்.

பையனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. விளக்க வேண்டுமானால் நான் 1964-ஆம் வருஷத்துக்குப் போகவேண்டும்.

அப்போது நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஓட்டத்தில் அவரை மிஞ்ச ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. கப்பி ரஸ்தாவிலும் மான் மாதிரி போவார். அவருடைய காலையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடிய எனக்கு ஒரு தடவையாவது இரண்டாவது பரிசு கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. எங்கள் டிரில் மாஸ்டருக்கு அவரிடம் மிகுந்த பெருமை. "அபேபே பிகிலாவைப் பாருங்களடா! ஜோடு எதற்கு?" என்று எங்களை எல்லாம் வைத்துக்கொண்டு சொல்லுவார்.

பிகிலா எத்தியோப்பியச் சக்கரவர்த்தியின் மெய்காவல் படை வீரர். 1960 செப்டம்பர் 10-ந்தேதி மாலை, ரோமாபுரி ஒலிம்பிக்கில் மாரத்தான் பந்தயத்தை வெறுங்காலோடு ஓடி ஜெயித்தார். தீவட்டி வெளிச்சத்தில் பழைய ரோமானியக் கல் ரஸ்தாவின் மேல் ஓடி, இரண்டு மணி 15 நிமிஷம் 16 விநாடியில் கான்ஸ்டன்டைன் வளைவை அடைந்தார். அதுவரையில் எவரும் அவ்வளவு விரைவாக அந்தத் தூரத்தை ஓடியதில்லை. 1930-களில் எத்தியோப்பியாவை அடிமை கொண்ட இத்தாலியின் தலைநகரத்திலேயே அவர் ஜெயித்தார் என்பது உலகத்துக்கு மறக்காத சமாசாரம்.

1964 அக்டோபரில் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. பத்திரிகையில் செய்தி வந்த அன்று டிரில் மாஸ்டர் எங்களுக்கு அதை வாசித்துக் காட்டினார். குடல்வால் சத்திர சிகிச்சை செய்துகொண்டு ஆறு வாரம்கூட ஆகாத பிகிலா மறுபடியும் ஜெயித்துவிட்டார். 2 மணி 12 நிமிஷம் 11 விநாடி. வகுப்பு முழுதும் கைதட்டியது. என் சிநேகிதர் மட்டும் எழுந்து நின்றார்.

"சார், இந்தத் தடவை அவர் ஜோடு போட்டுக்கொண்டுதானே ஓடினார்?"

மாஸ்டர் பத்திரிகைப் படத்தைப் பார்த்தார். ஆமாம், ஜோடு போட்டிருந்தார். முன்னதைவிட மூன்று நிமிஷம் சீக்கிரமாகவும் வந்திருந்தார்.

என் சிநேகிதர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று எனக்கு அப்போது தெரியாது. வெகு நாள் கழித்து அவரே சொன்னார். அவருடைய தகப்பனார் தோல் வேலை செய்கிறவர். ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்துக் கொடுத்தவர். தமக்கும் ஒரு ஜோடி தைத்துக்கொண்டார். ஆனால் மேலத்தெருவைக் கடக்கும்போது அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவார். தெரு தாண்டிய பிறகுதான் மறுபடியும் போட்டுக்கொள்வார். இது ஒரு ஊர்க் கதை அல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் நெடுங்காலம் எழுதாத சட்டமாக இருந்தது. அந்த மேலத்தெருவில்தான் என் பாட்டனார் வீடும் இருந்தது. பக்தியோடு வெறுங்காலாகச் சிதம்பரத்துக்கு நடந்த அதே பாட்டனார்!

பாதரட்சையை நம் தேசம் பூஜித்ததில்லையா என்றால், பூஜித்திருக்கிறது. கடலூருக்குப் பக்கத்திலேயே, கெடில நதிக் கரையில், திருவஹீந்திரபுரத்தில் பல்லாண்டு வாழ்ந்தவர் வேதாந்த தேசிகர். அவர் அரங்கநாதனுடைய பாதுகையின் மேலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட சுலோகம் பாடினார். ஒரே இரவில் பாடி முடித்தார் என்பது ஐதிகம். பரதன் சிம்மாசனத்தில் வைத்ததும் பாதுகையைத்தானே? தெய்வத்தின் செருப்புக்குச் சிம்மாசனம் கொடுத்த ஊரில், செருப்பைத் தைத்தவன் அதைக் கையில் தூக்கிக்கொண்டு போனான்.

சிதம்பரத்தின் கதையும் தோலில்தான் தொடங்குகிறது. திருநாளைப்போவார் என்கிற நந்தனார் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்து வந்தவர் என்று பெரியபுராணம் சொல்லுகிறது. அவர் கொடுத்த தோல் சந்நிதிக்குள் முழங்கிற்று. அவரோ தில்லை எல்லையிலேயே நின்றார். 1861-ஐ ஒட்டிக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தன் சரித்திரத்தைக் கேட்டுக் கண்ணீர் விட்ட நம் பெரியவர்கள், வீடு திரும்பும்போது தெருவில் யார் செருப்போடு போகிறார்கள் என்று பார்க்காமல் இருந்தார்களா? ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது 1947-ல்.

வெறுங்காலுக்கு வேறொரு கணக்கும் உண்டு. அது வைத்தியக் கணக்கு. உடம்பின் ஒரு கோர நோய்க்கு நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். 'மதுரைப் பாதம்' என்பது அதன் பெயர். முள் குத்திய காயத்தின் வழியாக மண்ணிலுள்ள பூஞ்சை புகுந்து, பாதம் வீங்கி, புரையோடி, எலும்பு வரையில் அரித்துவிடும். 1842-ல் மதுரை வைத்தியசாலையில் கில் என்ற டாக்டர் கவனித்து எழுதியதால் அந்தப் பெயர் வந்தது. இரத்தத்தை உறிஞ்சுகிற கொக்கிப் புழுவும் ஈர மண்ணிலிருந்து பாதத்துத் தோலைத் துளைத்துக்கொண்டுதான் உடம்பில் ஏறுகிறது. வயலில் நின்று வெளுத்துச் சோகை பிடித்துப் போனவர்களில் எத்தனை பேருக்கு ஒரு ஜோடி செருப்பே மருந்தாக இருந்திருக்கும்! இன்றைக்கும், சர்க்கரை வியாதியால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடப்பது ஆபத்து. முள் தைத்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

விளையாட்டு மைதானத்திலும் இதே கதைதான். 1911-ல் கல்கத்தாவின் மோகன் பகான் கோஷ்டியார், ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். தேசமே பூரித்தது. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கிலும் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். 1952-ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மைப் பத்துக்கு ஒன்று என்று தோற்கடித்தது. அதற்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. கௌரவத்துக்கு வெறுங்கால் போதும். குளிருக்கும் ஈரப் புல்லுக்கும் போதாது.

போகட்டும். என் தமையனார் மகனுடைய கதை என்ன ஆயிற்று? மார்கழியில் கடற்கரை மணலில் பிரமாதமாக ஓடினான். பெங்களூர் திரும்பியதும், வழக்கம்போல வாரத்துக்கு நாற்பது கிலோமீட்டர் அதே ஜோட்டோடு தார் ரஸ்தாவில் ஓட ஆரம்பித்தான். ஏழாவது வாரம் பாதம் வீங்கியது. விரலுக்குப் பின்னால் இருக்கிற நீண்ட எலும்பில் மயிரிழை போல ஒரு கீறல் என்று டாக்டர் சொன்னார். இரண்டு மாதம் ஓட்டம் கிடையாது.

இது அவனுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. 2013-ல் அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து ஆராய்ச்சிக்காரர்கள், ஓடிப் பழகிய 36 பேரைத் தேர்ந்தெடுத்து, 19 பேரை மட்டும் பத்து வாரத்தில் படிப்படியாக ஐந்து விரல் ஜோட்டுக்கு மாற்றினார்கள். அவர்களில் பத்துப் பேருக்குப் பாத எலும்புகளில் வீக்கம் கூடியிருந்தது. முன்பாதத்தை ஊன்றினால் முழங்காலின் பாரம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாரம் கெண்டைக்காலிலும், குதிகால் நரம்பிலும், விரலடி எலும்பிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாற்பது வருஷம் பூட்ஸுக்குள் தூங்கிய எலும்பு பத்து வாரத்தில் விழித்துக்கொள்ள மறுக்கிறது. வெறுங்காலர்கள் எல்லோரும் முன்பாதத்தில்தான் ஓடுகிறார்கள் என்பதும் அதே வருஷம் ஆட்டம் கண்டது. கென்யாவின் வடகோடியில் வெறுங்காலோடேயே வளர்ந்த தாசனச் ஜாதியார், நிதானமாக ஓடும்போது பெரும்பாலும் குதிகாலைத்தான் ஊன்றினார்கள்! ஐந்து விரல் ஜோட்டை விற்ற கம்பெனியின் மேல், ஆதாரம் இல்லாமல் ஆரோக்கியப் பலன் சொன்னதாக வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 2014-ல் முப்பத்தேழரை லட்சம் டாலர் ஒதுக்கிச் சமாதானம் செய்துகொண்டார்கள். மெத்தை ஜோட்டுக்காரர்களுக்கும் பெருமை இல்லை. 2022-ல் பன்னிரண்டு ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து, பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்களுடைய கணக்கைப் பார்த்தவர்கள், இன்ன ஜோடு காயத்தைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றே முடித்தார்கள்.

ஆகவே, மெல்லிய ஜோடு வாங்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், நான் சொல்லுவது இதுதான். வாங்கலாம். ஆனால் அந்தப் பன்னிரண்டாயிரத்தில் ஜோடுதான் வரும். தபால் ஓட்டக்காரனுடைய கால் வராது. அந்தக் கால் அவனுக்கு ஐந்து வயதிலிருந்து மண்ணில் விளைந்தது. அது வேண்டுமென்றால் முதலில் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கவேண்டும், பிறகு ஐந்து நிமிஷம் ஓடவேண்டும், வலித்தால் நிறுத்தவேண்டும், மாதக் கணக்கில் பொறுக்கவேண்டும். கனத்த உடம்பும் அவசரமும் உள்ளவர்களுக்கு மெத்தை ஜோடே மேல். குழந்தைகளைச் சுத்தமான மண்ணில் வெறுங்காலோடு விளையாட விடுவது எல்லாவற்றையும்விட மலிவு. அப்போதும் வாசலில் ஒரு ஜோடி செருப்பு அவர்களுக்காகக் காத்திருக்கவேண்டும்.

ஆனித் திருமஞ்சனத்துக்குக் கால் குணமான பையனும் வந்திருந்தான். அவனும் நானும் வாத்தியாருமாகச் சிதம்பரம் போனோம். கீழைக் கோபுர வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் பையனுடைய ஐந்து விரல் ஜோட்டைப் பார்த்து, டோக்கன் கொடுக்கிற அம்மாள் கொஞ்ச நேரம் சிரித்தாள். உச்சி வெயிலில் பிராகாரத்துக் கருங்கல் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. பையன் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினான். நானும் ஓடினேன். எழுபத்தைந்து வயது வாத்தியார் மட்டும் நிதானமாக நடந்து வந்தார்.

"சுடவில்லையா சார்?" என்று பையன் கேட்டான்.

"சுடுகிறது. ஆனால் இங்கே எல்லோருமே அல்லவா கழற்றிவிட்டு வந்திருக்கிறோம்?" என்றார் அவர்.

வெளியே வந்ததும் டோக்கனைக் கொடுத்துப் பூட்ஸை வாங்கினார். கைக்குட்டையால் தூசியைத் துடைத்தார். வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு நாடாவையும் இழுத்து முடிந்தார். பிறகு நாங்கள் மூவரும் கீழவீதியின் நட்ட நடுவில் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம்.